தட்டில் முந்திரி! தாய்மார்களின் கையில் கறை!



நம் வீட்டுத் திருமணங்களில் நெய்ச்சோறு பரிமாறும்போது மேலே பொன்னிறமாய் வறுத்த முந்திரி கிடக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லை என்றால் "என்ன இது, முந்திரியே போடவில்லையே" என்று முகம் சுளிக்கிறோம். பிரியாணியில் முந்திரி, பாயசத்தில் முந்திரி, ஈகைப் பெருநாள் காலையில் சேமியாவில் முந்திரி. விருந்தாளி வந்தால் தட்டில் முந்திரி. நம் சமுதாயத்தில் மளிகைக் கடை வைத்திருப்போர், பலசரக்கு மொத்த வியாபாரம் செய்வோர், இனிப்புக் கடை நடத்துவோர் என ஏராளமானோர் அன்றாடம் இந்தப் பருப்பை எடை போட்டு விற்கின்றனர்.

ஆனால் ஒரு கேள்வி. இந்தப் பருப்பு எங்கிருந்து வருகிறது, யார் உடைக்கிறார்கள், உடைப்பவருக்கு என்ன கிடைக்கிறது, நட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஒரு சிறிய கணக்கைச் சொல்கிறோம். கடையில் பரவலாக விற்கும் தரத்திற்கு வியாபாரத்தில் "டபிள்யூ 320" என்று பெயர். ஒரு பவுண்டு எடையில், அதாவது 454 கிராமில், 320 பருப்பு வரை இருக்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். அப்படியானால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 700 பருப்பு! ஒரு திருமணத்திற்கு 10 கிலோ வாங்கினால் 7000 பருப்பு. கையால் உடைக்கும் ஆலையில் அத்தனை கொட்டைகளும் ஒவ்வொன்றாக உடைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றாகத் தோல் நீக்கப்படுகின்றன. அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அரை மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்து கை கழுவி விடுகிறோமே, அதற்குப் பின்னால் 7000 முறை சில தாய்மார்களின் கைகள் உழைத்திருக்கின்றன. இதைச் சிந்திக்க வேண்டாமா?

கடல் கடந்து வந்த மரம்

முந்திரி நம் மண்ணில் தோன்றிய மரமன்று. தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதி அதன் தாயகம். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதைக் கோவாவுக்குக் கொண்டு வந்தனர். அங்கிருந்து மேற்குக் கரையெங்கும், பிறகு கிழக்குக் கரையெங்கும் பரவியது. அதே போர்ச்சுகீசியர்தாம் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கிற்கும் அதைக் கொண்டு சென்றனர்.

மலையாளத்தில் இதைப் பறங்கி மாவு என்பார்கள். மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. பறங்கியர் கொண்டு வந்தது. எவ்வளவு பொருத்தமான பெயர்! நம் பக்கத்தில் கொல்லாமரம், கொல்லாங்கொட்டை என்று சொல்லும் ஊர்கள் உண்டு. குமரி மாவட்டத்தில் அண்டி என்பார்கள். திராட்சையைக் கொடிமுந்திரி என்றழைத்த தமிழர், இதை மரமுந்திரி என்று பிரித்துச் சொன்னார்கள்.

நெடுங்காலம் இந்த மரம் மணல் அரிப்பைத் தடுக்கவும், வேறெதுவும் விளையாத மேட்டு நிலத்தை மூடவும் நடப்பட்டதே தவிர, பெரும் வியாபாரப் பொருளாக யாரும் எண்ணவில்லை. 1920களில்தான் கேரளத்தின் கொல்லம் நகரை மையமாக்கி ஆலைகள் எழுந்தன. உடைத்த பருப்பு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அன்று முதல் முந்திரி டாலர் கொண்டு வரும் பொருளாகி விட்டது.

தமிழ்நாட்டில் இன்று கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளும், அரியலூர், புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களின் செம்மண் மேடுகளும் முந்திரி விளையும் பூமி. உடைக்கும் ஆலைகள் பண்ருட்டி வட்டாரத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் நிறைந்துள்ளன.

கொட்டைக்குள் ஒளிந்திருக்கும் நெருப்பு

முந்திரியின் அமைப்பே விசித்திரமானது. மஞ்சளாகவும் சிவப்பாகவும் தொங்குகிறதே, அதைப் பழம் என்கிறோம். உண்மையில் அது பருத்துப் போன காம்பு. அதன் நுனியில் சிறுநீரக வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொட்டைதான் தாவர நூலின்படி உண்மையான கனி. அந்தக் கொட்டையின் உள்ளே இருப்பதுதான் நாம் தின்னும் பருப்பு.

பருப்பைச் சுற்றியுள்ள ஓட்டில்தான் விஷயமே இருக்கிறது. ஓட்டின் இரு அடுக்குகளுக்கு நடுவே, தேன்கூட்டைப் போன்ற அறைகளில் கறுத்த, காரமான எண்ணெய் நிறைந்திருக்கிறது. தோலில் பட்டால் வெந்து கொப்பளிக்கும், தோல் உரியும், நாளடைவில் விரல்கள் கறுத்துத் தடித்துப் போகும். பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்து வாய் வெந்த சிறுவர்களை முந்திரிக் காட்டு ஊர்களில் கேட்டால் சொல்வார்கள்.

இதே எண்ணெய் தொழிற்சாலைகளுக்கு அரும்பொருள். வாகனங்களின் பிரேக் பட்டைகளுக்கும், பெயிண்ட், வார்னிஷ், பிசின் வகைகளுக்கும் அது பயன்படுகிறது. படகுப் பலகைகளுக்கும் மீன் வலைகளுக்கும் அதைப் பூசும் வழக்கம் கடற்கரை மக்களிடம் இருந்தது. ஆக, ஓடும் வீணில்லை. கொட்டையின் எந்தப் பகுதியும் வீணில்லை. ஆனால் அந்த எண்ணெயின் முதல் சூட்டைத் தாங்குவது யார்? உடைக்கும் பெண்ணின் விரல்!

காய்ந்த கொட்டையை முதலில் வறுப்பார்கள், அல்லது நீராவியில் வேக வைப்பார்கள். ஓடு இளகிய பின் உடைக்க வேண்டும். வறுத்ததாக இருந்தால் கல்லின் மேல் வைத்துக் கட்டையால் தட்டுவார்கள். வேக வைத்ததாக இருந்தால் காலால் மிதித்துக் கையால் இயக்கும் கத்தி இயந்திரத்தில் பிளப்பார்கள். எண்ணெய் ஒட்டாமலிருக்கக் கையில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ தடவிக்கொண்டு நாள் முழுதும் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பருப்பைச் சூட்டறையில் உலர்த்தி, மேலுள்ள சிவந்த தோலைச் சிறு கத்தியாலும் நகத்தாலும் நீக்குவார்கள். அதற்குப் பின் தரம் பிரிப்பார்கள்.

உடைப்பதற்கும் தோல் நீக்குவதற்கும் கூலி பெரும்பாலும் எடைக் கணக்கு. எத்தனை கிலோ முடித்தாயோ அத்தனைக்குக் காசு. உடல்நிலை சரியில்லாமல் மெதுவாக வேலை செய்தால் கூலி குறையும். வறுப்பு வேலைக்கு வரும் ஆண்களுக்கோ நாட்கூலி! ஒரே ஆலையில், ஒரே கூரையின் கீழ் இரண்டு நியாயங்கள். இது சரிதானா என்று நாம் கேட்கிறோம்.

கொல்லம் தரும் படிப்பினைகள்

நம் சமுதாய இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் உண்டு. கொல்லத்தைச் சேர்ந்த தங்கள் குஞ்சு முஸ்லியார். 1897இல் பிறந்து 1966இல் மறைந்தவர். முந்திரி அரசன் என்று மக்கள் அழைக்கும் அளவுக்கு அந்தத் தொழிலில் உயர்ந்தவர். ஈட்டிய செல்வத்தை அவர் மாளிகைகளில் மட்டும் போட்டு வைக்கவில்லை. 1958இல் கொல்லத்தில் ஒரு பொறியியல் கல்லூரியை எழுப்பினார். டி.கே.எம். பொறியியல் கல்லூரி என்று இன்றும் அவர் பெயரின் முதலெழுத்துக்களோடு அது நிற்கிறது. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்துப் பொறியாளர்களாக வெளியே வருகின்றனர். ஒரு கொட்டையை உடைத்து ஒரு கல்லூரியைக் கட்டலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இது முதல் படிப்பினை. கூடவே இன்னொன்றும் உண்டு. கொல்லத்தின் முந்திரித் தொழில் பல்லாயிரம் பெண்களின் முதுகில் நின்றது. அவர்கள் சங்கம் சேர்ந்து போராடினார்கள். குறைந்தபட்சக் கூலியும், நல நிதியும், மருத்துவக் காப்பீடும் மெல்ல மெல்ல வந்தன. கேரள அரசே 1969இல் முந்திரி வளர்ச்சிக் கழகம் அமைத்து ஆலைகளை நடத்தத் தொடங்கியது. ஆனால் கூலி உயர்ந்ததும் முதலாளிகளில் பலர் என்ன செய்தார்கள்? எல்லை தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆலை வைத்தார்கள். காரணம், இங்கே கூலி குறைவு! அங்கே போராடிப் பெற்றதை இங்கே இழக்கச் செய்தார்கள்.

எங்கே கூலி குறைவோ அங்கே ஓடுவது ஒரு வகை வியாபாரம். அந்த வியாபாரம் ஓரிடத்தில் நிற்காது. இன்று உங்கள் ஊருக்கு வரும். நாளை வேறு ஊருக்கு ஓடும். 2015க்குப் பிறகு கொல்லம் பகுதியிலேயே நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடப்பட்டன. வெளிநாட்டுக் கொட்டையின் விலை ஏறியது, வங்கிக் கடன் இறுக்கியது, வியட்நாமின் இயந்திரங்கள் போட்டிக்கு வந்தன. வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்தவர்கள் யார்? அதே பெண்கள்தாம்!

மொசாம்பிக்கில் நடந்தது என்ன?

வெளிநாட்டுக் கொட்டை என்றோமே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 முதல் 8 லட்சம் டன் கொட்டை விளைகிறது. நம் ஆலைகளின் பசிக்கு அது போதாது. ஏறத்தாழ மறு பாதியை ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறோம். கொச்சியிலும் தூத்துக்குடியிலும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவது அந்த ஏழை நாடுகளின் விளைச்சல்.

அந்நாடுகளில் ஒன்று மொசாம்பிக். 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் விளைவித்து உலகின் முன்னணியில் நின்ற நாடு. சொந்தமாக ஆலைகளும் இருந்தன. உள்நாட்டுப் போர் அந்நாட்டைச் சீரழித்தது. போர் முடிந்து நிமிரும் நேரத்தில், 1990களின் நடுவில், உலக வங்கி ஒரு நிபந்தனை வைத்தது. பச்சைக் கொட்டை ஏற்றுமதி மீதான வரியைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று அறிவுரை கூறியது. கேட்க இனிமையாக இருந்தது. நடந்தது என்ன? கொட்டை கப்பலேறி வெளியே போனது. உள்நாட்டு ஆலைகள் கொட்டையின்றி மூடின. ஆயிரக்கணக்கான தொழிலாளர் தெருவுக்கு வந்தனர். விவசாயிக்காவது பலன் கிடைத்ததா? டானி ரோட்ரிக் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு கணக்குப் போட்டுச் சொன்னது: முந்திரி பயிரிடும் ஒரு குடும்பத்திற்குச் சராசரியாகக் கிடைத்த கூடுதல் வருமானம் ஆண்டுக்கு 5 டாலர் சொச்சம்! இதற்காகவா ஒரு தொழிலையே பலியிட்டார்கள்?

அந்தக் கொட்டை அன்று வந்து சேர்ந்த இடம் நம் நாடு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே அடுப்பு அணைந்ததால் இங்கே அடுப்பு எரிந்தது. பிறகு காலம் திரும்பியது. 2006 முதல் வியட்நாம் இந்தியாவை முந்திக்கொண்டு பருப்பு ஏற்றுமதியில் முதலிடத்தைப் பிடித்தது. இன்று உலகில் மிக அதிகமாகக் கொட்டை விளைவிக்கும் ஐவரி கோஸ்ட், அதை அப்படியே கப்பலேற்றாமல் தானே உடைக்க முயன்று வருகிறது. கினி பிசாவு என்ற சிறிய நாட்டிலோ ஏற்றுமதி வருமானத்தின் மிகப் பெரும்பகுதி முந்திரியை மட்டுமே நம்பியிருக்கிறது. அங்கே விலை சரிந்தால் விவசாயியின் வீட்டில் அரிசிப் பானை காலி.

இவற்றிலிருந்து நமக்குப் புரிவது என்ன? கொட்டையை விளைவித்து அப்படியே விற்பவனுக்குச் சொற்பமே மிஞ்சும். உடைத்து, தரம் பிரித்து, பெயர் போட்டு விற்பவனுக்கே மிச்சம். தனி மனிதனுக்கும் இதுதான் விதி. ஒரு தேசத்திற்கும் இதுதான் விதி.

வியாபாரப் பெருமக்களே, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

முந்திரி வியாபாரத்தில் நுழைய நினைக்கும் சகோதரர்கள் முதலில் "அவுட்டர்ன்" என்ற சொல்லைக் கற்க வேண்டும். 80 கிலோ மூட்டைக் கொட்டையை உடைத்தால் எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கும் என்பதே அது. 48 பவுண்டு என்றால் நல்ல சரக்கு. கிலோவில் சொன்னால் ஏறத்தாழ 22 கிலோ. 42 பவுண்டு என்றால் 19 கிலோதான். மூட்டைக்கு 6 பவுண்டு குறைகிறது. 100 மூட்டை வாங்கினால் 270 கிலோ பருப்பு காணாமல் போகிறது! விலை மலிவு என்று மட்டும் பார்த்து வாங்கினால் முதலே போய்விடும். மாதிரிக் கொட்டைகளை எடுத்துப் பிளந்து, பூஞ்சை பிடித்தது எத்தனை, சூம்பியது எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்குவதுதான் அறிவுடைமை.

அடுத்தது தரம். முழுப் பருப்பில் "180" பெரியது. கிலோவுக்கு ஏறத்தாழ 400 பருப்புதான் நிற்கும். அதன் பின் 210, 240, 320, 450 என்று எண் கூடக் கூடப் பருப்பு சிறுக்கும், விலையும் இறங்கும். இரண்டாகப் பிளந்தது, துண்டு, குருணை என்று அதற்குக் கீழே பல படிகள். முழுதாக எடுத்தால் ஒரு விலை, உடைந்தால் வேறு விலை. ஆகவே உடைக்கும் பெண்ணின் கைத்திறன்தான் முதலாளியின் லாபம். அந்தக் கைக்கு நல்ல கூலி கொடுப்பது தர்மம் மட்டுமல்ல, நல்ல வியாபாரமும்கூட!

சரக்கைக் கலப்பதும் இங்கேதான் நடக்கிறது. 240 என்று சொல்லி 320 கலப்பது, ஈரம் ஏற்றி எடை கூட்டுவது, பழைய பருப்பைப் புதியதோடு சேர்ப்பது போன்ற வேலைகளைச் செய்பவர் யாராக இருந்தாலும், அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோருக்கு வேதம் தரும் எச்சரிக்கையை நாம் நினைவூட்டத் தேவையில்லை. தொழுகைக்குப் போகும்போது கடையை அடைக்கும் நாம், திரும்பி வந்து திறக்கும்போது தராசையும் சரிபார்க்க வேண்டும்.

விவசாயியிடம் நடந்துகொள்ளும் முறையையும் கவனியுங்கள். அறுவடைக்கு முன் அவசரத்திற்குப் பணம் கொடுத்து, அதைச் சாக்கிட்டு விளைச்சல் முழுவதையும் அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொள்வது சில இடங்களில் வழக்கம். நெருக்கடியில் இருப்பவரின் கழுத்தைப் பிடித்து ஈட்டும் லாபத்தில் பரகத் எப்படி இருக்கும்?

நிலம் இருப்போர் நட வேண்டிய முறை

தண்ணீர் வளமில்லாத செம்மண் மேடும், மணல் கலந்த நிலமும் நம் சகோதரர்கள் பலரிடம் சும்மா கிடக்கின்றன. வளைகுடாவில் சம்பாதித்த பணத்தில் வாங்கிப் போட்டு, முள் முளைக்க விட்டிருக்கிறோம். தண்ணீர் தேங்காத நிலமாக இருந்தால் முந்திரிக்கு அது போதும்.

விதை ஊன்றி வளர்த்த மரம் தாயைப் போல் காய்க்கும் என்ற உறுதியில்லை. நம் நாட்டில் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன்னுக்கும் குறைவாக இருப்பதற்கு, இப்படி வளர்ந்த பழைய தோப்புகள் ஒரு முக்கியக் காரணம். ஒட்டுக்கன்றுகளையே நட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. 3 உள்ளிட்ட ரகங்களை வெளியிட்டுள்ளது. 7 மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 80 கன்று பிடிக்கும். ஒன்றரை அடி ஆழ, அகலத்தில் குழி எடுத்து, மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்து மூடி, பருவமழையை ஒட்டி நட வேண்டும். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டு பூத்தால் பூவைக் கிள்ளி விட்டு, மரத்தைத் தேற விட வேண்டும். மூன்றாம் ஆண்டு முதல் காய் எடுக்கலாம். அதுவரை நடுவே நிலக்கடலையும் உளுந்தும் போட்டால் கைச்செலவுக்கு ஆகும்.

கொட்டையைப் பிஞ்சில் பறிக்கக் கூடாது. பழுத்துத் தானே விழுந்ததைப் பொறுக்கி, பழத்திலிருந்து பிரித்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்துச் சாக்கில் கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்து அவுட்டர்ன் விழும். அப்புறம் வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லி விடுகிறோம். ஒன்று, 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் ஓரிரவில் சாய்த்துப் போட்டது. தலைமுறைகள் வளர்த்த மரங்கள்! முந்திரியை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வருமானமின்றித் தவித்தன. ஆகவே ஒரே பயிரில் முழு வாழ்க்கையையும் வைக்காதீர்கள்.

மற்றொன்று நஞ்சு. முந்திரியின் பூவையும் துளிரையும் சாறுறிஞ்சிக் கருக்கும் தேயிலைக் கொசுவை ஒழிப்பதற்காக, கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்கள் மீது 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே வீடுகள், கிணறுகள், ஓடைகள், பள்ளிக்கூடங்கள்! உடல் ஊனத்தோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் குழந்தைகள் பிறப்பதாக அந்தக் கிராமத்துத் தாய்மார்கள் அழுது புலம்பியபோது கேட்பார் இல்லை. 2011 மே மாதத்தில்தான் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்ட 5000க்கும் மேற்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. ஒரு பருப்பின் விளைச்சலைக் கூட்ட ஒரு தலைமுறையின் உடலைக் கொடுத்தார்கள். பூச்சி மருந்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் காசர்கோட்டை நினைக்க வேண்டும். வேளாண் அலுவலரைக் கேட்காமல், கடைக்காரர் நீட்டியதையெல்லாம் வாங்கி அடிக்காதீர்கள்.

மரத்தடியில் அழுகும் செல்வம்

கொட்டையைப் பிரித்த பின் பழத்தை என்ன செய்கிறோம்? மரத்தடியில் போட்டு விடுகிறோம். ஒரு கிலோ கொட்டைக்கு ஏறத்தாழ 8 கிலோ பழம் கிடைக்கிறது. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி கொண்ட பழம்! ஒரே நாளில் கெட்டு விடுவதாலும், தொண்டையைக் கரகரக்க வைக்கும் துவர்ப்பு இருப்பதாலும் யாரும் சீந்துவதில்லை.

கோவாவில் இதைக் காய்ச்சி மது வடிக்கிறார்கள். அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கி விட்டார்கள். தடுக்கப்பட்டதைச் செய்ய அவர்களுக்கு இருக்கும் ஊக்கம், ஆகுமானதைச் செய்ய நமக்கு இருக்க வேண்டாமா? பழச்சாற்றில் ஜவ்வரிசிக் கஞ்சியோ சோற்றுக் கஞ்சியோ கலந்து சற்று வைத்தால் துவர்ப்பு கீழே படியும். மேலே தெளிந்ததை இறுத்துச் சர்பத் செய்யலாம், ஜாம் செய்யலாம், ஊறுகாய் போடலாம். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கான முறைகளைக் கற்றுத் தருகிறது. பெண்கள் சுய உதவிக் குழுக்கள் வீட்டிலிருந்தே செய்யத்தக்க தொழில் இது. மிச்சச் சக்கை உலர்ந்தால் மாட்டுத் தீவனம்.

நாம் செய்ய வேண்டியவை

பேசிக் கலைவதில் பயனில்லை. ஆகவே நாம் முன் வைப்பது இவை:

1. ஆலை வைத்திருக்கும் சகோதரர்களே! வறுப்பதை விட்டு நீராவி முறைக்கு மாறுங்கள். புகையும் கரியும் குறையும். உடைக்கும் பெண்களுக்குக் கையுறையும் எண்ணெயும், உட்கார இருக்கையும், வெளியேற நல்ல காற்று வழியும் கொடுங்கள். சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியைக் கணக்கெழுதிக் கொடுங்கள். இ.எஸ்.ஐ., வைப்பு நிதி என்பவை நீங்கள் போடும் பிச்சையல்ல, அவர்களுடைய உரிமை.

2. மொத்த வியாபாரிகளே! வாங்கும் இடத்தில் விலையை மட்டும் கேட்காதீர்கள்; உடைத்தவருக்குக் கூலி கொடுத்தீர்களா என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது முதலாளி திருந்துவார்.

3. இளைஞர்களே! வளைகுடாவுக்கு விசா வரும் வரை தெருமுனையில் நின்று காலத்தைப் போக்குவதை விட, ஒட்டுக் கட்டும் கலையை விருத்தாசலத்தில் சென்று கற்றுக்கொள்ளுங்கள். தரம் பிரிக்கவும், காற்றுப் புகாமல் கட்டவும், சொந்தப் பெயரில் விற்கவும் பழகுங்கள். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு சிறு ஆலை ஆகும். வட்டிக் கடனில் தலையைக் கொடுக்காமல், ஊர் ஜமாஅத்தின் வசதி படைத்தோரைக் கூட்டாளிகளாக்கி லாப நட்டத்தில் பங்கு கொடுத்துத் தொடங்கலாம். அங்கே வேலைக்கு வரும் பெண்கள் எந்தச் சமயத்தவராயினும் அவர்கள் உழைப்புக்கு ஒரே நியாயம்.

4. திருமணம் நடத்தும் பெற்றோரே! விருந்தில் வீணாகும் முந்திரியைப் பாருங்கள். இலையில் ஒதுக்கி எறியும் ஒவ்வொரு பருப்பும் யாரோ ஒரு தாயின் விரல் உடைத்தது.

சகோதரர்களே! ஒரு பொருளை உண்பதும் விற்பதும் நமக்கு ஆகுமானதுதான். ஆனால் அது நம் கைக்கு வரும் வழியில் எவருடைய கை வெந்தது என்று கேட்கும் கடமையும் நமக்கு இருக்கிறது. மொசாம்பிக்கின் ஆலைத் தொழிலாளி, காசர்கோட்டின் தாய், கொல்லத்திலும் குமரியிலும் குனிந்து உட்கார்ந்திருக்கும் சகோதரி, பண்ருட்டியின் விவசாயி ஆகிய இவர்கள் அனைவரும் அந்த 700 பருப்புக்குள் இருக்கின்றனர்.

அடுத்த முறை கடையில் ஒரு கிலோ முந்திரியை நிறுக்கும்போது, தராசின் மறு தட்டில் அவர்களுடைய உழைப்பும் இருப்பதாக எண்ணி நிறுங்கள். தங்கள் குஞ்சு முஸ்லியார் கொட்டையிலிருந்து ஒரு கல்லூரியைக் கட்டினார். நாம், முதலில், உடைத்தவளின் கூலியை வியர்வை உலரும் முன் கொடுக்கும் ஓர் ஆலையையாவது கட்டுவோம்! முன் வருவோர் யார்?